மஞ்சள் துண்டு, பஞ்சுக் கை, ஒரு போன்: மூளையையும் ஏஐயையும் அரை நாளில் சோதித்துப் பார்க்க

மனசு என்பது என்ன, பேச்சு எங்கிருந்து வருகிறது, 'நான்' என்பது யார் என்று வாயால் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், ஒன்றும் நகராது. ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து கையால் செய்து பார்த்தால் நகரும். பள்ளி அறிவியல் மன்றமோ, ஊர் நூலக வாசகர் வட்டமோ, வீட்டுத் திண்ணையோ, எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். பத்து வயதுக்கு மேல் யாரும் சேரலாம்.

இதில் ஒரே ஒரு பிடிதான். மூளை சரியாக வேலை செய்யும்போது அதைப் பார்க்கவே முடியாது. மோட்டார் ஓடுகிற வரைக்கும் காயிலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, புகைந்தால்தான் மூடியைக் கழற்றுகிறோம். மூளையும் அப்படித்தான். ஏஐயும் அப்படித்தான். இரண்டுமே முன்பு பார்த்ததை வைத்து அடுத்ததை யூகிப்பவை. ஆகவே யூகம் எங்கே பிசகுகிறது என்று தேடிப் போவதுதான் வேலை. ஆளுக்கொரு நோட்டு எடுத்து மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: என்ன யூகித்தேன், என்ன வந்தது, ஏன் பிசகியது.

வாங்க வேண்டியவை: ஏ4 தாள், நான்கு நிற ஸ்கெட்ச் பேனா, ஸ்கேல், நாற்பது தபால் கவர், சந்தையில் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் ஆளுக்கு நாலு துண்டு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரே அளவில் இரண்டு பெயின்ட் பிரஷ், ஒரு ஈரிழைத் துண்டு, ஒரு பெரிய அட்டை. போன் எல்லோரிடமும் இருக்கும், ஆனால் மதியம் வரை அதை எடுக்கக் கூடாது.

முதலில் கண்

சூடு பிடிக்க ஐந்து நிமிடம். வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதிலிருந்து வலப்பக்கம் சரியாக 8 செ.மீ. தள்ளி 1 செ.மீ. அகலத்தில் கறுப்புப் பொட்டு. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கைநீட்டத்திலிருந்து மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் பொட்டு காணாமல் போகும். விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறுகிற இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. எட்மே மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் இதை 1660களிலேயே கண்டு சொல்லிவிட்டார்.

அடுத்த படிதான் முக்கியம். பொட்டுக்குப் பதிலாக அதே இடத்தின் வழியாக ஒரு நீளக் கோடு போட்டு, நடுவில் 1 செ.மீ. மட்டும் அறுத்து விடுங்கள். இப்போது பார்த்தால் கோடு முழுசாகத் தெரியும்! இல்லாத ஒரு சென்டிமீட்டரை மூளை தானே நிரப்பிவிடுகிறது, 'நிரப்பிவிட்டேன்' என்று சொல்வதும் இல்லை. இதை நோட்டில் எழுதி வையுங்கள், மதியம் தேவைப்படும். யாருக்காவது வரவில்லை என்றால் அவர் கண் பொட்டின் பக்கம் நழுவுகிறது. பெரும்பாலும் அதுதான் காரணம்.

மஞ்சளை வைத்து ஒரு நரம்பு செல்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏஐ என்றதும் பயப்படுகிறவர்களுக்கும் வாய்பிளக்கிறவர்களுக்கும் இதுவே மருந்து.

1943இல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பு செல்லை ஒரு கணக்காக எழுதினார்கள். பல பக்கமிருந்து சைகை வரும், கூட்டுத்தொகை ஒரு அளவைத் தாண்டினால் செல் 'ஆம்' என்கும். 1958இல் ரோசன்பிளாட் அதற்கு ஒவ்வொரு சைகைக்கும் ஒரு எடையையும் (எவ்வளவு முக்கியம் என்ற எண்), தப்பிலிருந்து எடையைத் திருத்திக் கற்றுக்கொள்ளும் விதியையும் சேர்த்து 'பெர்செப்ட்ரான்' என்று பெயரிட்டார். அதை இப்போது தாளில் ஓட்டப்போகிறோம். வேலை, விரலியையும் கிழங்கையும் பிரிப்பது.

ஒவ்வொரு துண்டையும் ஸ்கேலில் வைத்து நீளம், தடிமன் இரண்டையும் முழு சென்டிமீட்டராக எழுதுங்கள். மாதிரிக்கு நான்கு: விரலி (6, 2), கிழங்கு (4, 3), விரலி (5, 1), கிழங்கு (5, 4). நீளத்துக்கு ஒரு எடை, தடிமனுக்கு ஒரு எடை, இரண்டும் 0 என்று தொடங்குங்கள். நீளம் × எடை, தடிமன் × எடை, இரண்டையும் கூட்டுங்கள். 0க்கு மேல் வந்தால் விரலி, 0 அல்லது அதற்குக் கீழே என்றால் கிழங்கு. சரியாகச் சொன்னால் எடையைத் தொடாதீர்கள். விரலியைக் கிழங்கு என்று சொன்னால் அந்தத் துண்டின் அளவுகளை எடைகளோடு கூட்டுங்கள், கிழங்கை விரலி என்று சொன்னால் கழியுங்கள். அவ்வளவுதான் விதி.

ஓட்டிப் பார்ப்போம். முதல் விரலிக்குக் கூட்டுத்தொகை 0, ஆகவே 'கிழங்கு' என்கும். தப்பு. எடை (6, 2) ஆகிறது. அடுத்தது கிழங்கு (4, 3): 24 + 6 = 30, 'விரலி' என்கும். தப்பு. கழித்தால் (2, −1). மூன்றாவது 9, சரி. நான்காவது 6, தப்பு, எடை (−3, −5). முதல் சுற்றில் மூன்று தப்பு. இரண்டாம் சுற்றிலும் மூன்று தப்பு, முடிவில் எடை (4, −5). மூன்றாம் சுற்றில் இரண்டு, எடை (5, −7). நான்காம் சுற்றில் 16, −1, 18, −3. ஒன்றுகூடத் தப்பில்லை.

இந்த (5, −7) என்ன சொல்கிறது? நீளம் தடிமனைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் விரலி. இதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. எட்டுத் தடவை தப்புச் செய்து தானே வந்து சேர்ந்த இடம் இது. சாட் செயலிகளுக்குள் இருக்கும் ஏஐயான பெரிய மொழி மாதிரிகளில் இரண்டு எடைக்குப் பதிலாகப் பல ஆயிரம் கோடி எடைகள், அங்கே திருத்தும் கணக்கும் இதைவிட நுட்பமானது. ஆனால் தப்பைப் பார்த்து எடையை நகர்த்துகிற சுபாவம் இதேதான்.

இப்போது அந்த முதல் விரலியைக் கையில் எடுத்துப் படக்கென்று ஒடியுங்கள். மூன்று துண்டாகட்டும். 2 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிமன் உள்ள ஒரு துண்டை எடுத்துக் கணக்கில் போடுங்கள்: 10 − 14 = −4. 'கிழங்கு' என்கும். மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒடிந்த முகம் தெரிகிறது, மேல்தோலின் வரி தெரிகிறது, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நிற்கிற யாரும் இதில் ஏமாற மாட்டார்கள். இயந்திரத்துக்கு நாம் கொடுத்தது இரண்டே எண். ஒடிந்த முகம் என்ற சங்கதி அதன் உலகத்தில் இல்லவே இல்லை. ஏஐ எங்கே தவறினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எதை அளந்து கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை?

இங்கே பிசகுவது பெரும்பாலும் குறிதான். மைனஸ் எண்ணோடு கூட்டும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஆகவே கணக்குப் போட ஒருவர், சரிபார்க்க ஒருவர் என்று வையுங்கள். இருபது சுற்று ஓடியும் தப்பு நிற்கவில்லை என்றால், கட்டையான விரலியும் நீளமான கிழங்கும் அளவில் கலந்து கிடக்கின்றன என்று பெரும்பாலும் பொருள். ஒரே ஒரு நேர்கோட்டால் அவற்றைப் பிரிக்க முடியாது, ஒற்றைச் செல்லின் எல்லை அது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான நரம்பு செல் இவ்வளவு எளிமையானதல்ல. ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான இணைப்புகள், அதன் கிளைகளுக்குள்ளேயே தனிக் கணக்குகள். மனித மூளையில் அப்படி சுமார் 8,600 கோடி செல்கள். அத்தனையும் சேர்ந்து எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 20 வாட், ஒரு எல்இடி ட்யூப்லைட்டின் அளவு.

சொல்லை யூகித்தல்

இரண்டு கட்டம். முதலில் மனிதர், பிறகு கவர்.

ஒருவர் ஒரு வாக்கியத்தை ரகசியமாக எழுதி அட்டையால் மூடிக்கொள்ளட்டும். மற்றவர்கள் முதல் எழுத்திலிருந்து யூகிக்க வேண்டும். சரியான எழுத்து வரும்வரை எத்தனை யூகம் என்று அதன் கீழே எண் எழுதுங்கள். பதினைந்து தாண்டினால் திறந்து காட்டிவிடலாம். கிளாட் ஷானன் 1951இல் ஆங்கிலத்துக்குச் செய்த சோதனை இது. அவர் எழுத்து எழுத்தாகத்தான் செய்தார், தமிழில் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணினால் போதும்.

'அப்புச்சி பொழுதோட சந்தைக்குப் போய்ட்டு வந்தாருங்க' என்று கொடுத்துப் பாருங்கள் (அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா). 'அப்' வரை வந்ததும் பாதிப் பேர் 'பா' என்பார்கள். 'பு' என்று தெரிந்த அந்த நொடியே கோபி, தாராபுரம் என்று கொங்குப் பக்கத்து ஆள் 'ச்சி' என்று முடித்துவிடுவார். தஞ்சாவூரிலிருந்து வந்த மருமகள் அங்கேயே நிற்பார். 'பொழு' வந்ததும் அவர் 'து' என்பார், நம்மூர்க்காரர் 'தோ' என்பார். கடைசியில் 'வந்தாரு' ஆனதும் 'ங்க' என்று இங்கே வளர்ந்தவர்கள் எல்லோருமே ஒரே குரலில். நோட்டைப் பாருங்கள்: சொல்லின் தொடக்கத்தில் எண்கள் பெரிசு, போகப்போக 1, 1, 1. காது பழகிய ஊர்தான் மூளையின் யூகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

யூகம் மூளையில் உடலளவிலேயே தெரியும். 'காலையில இட்லிக்குத் தொட்டுக்கச் செங்கல் வெச்சாங்க' என்ற மாதிரி வாக்கியம் வரும்போது, பொருந்தாத அந்தச் சொல் வந்து சுமார் 400 மில்லி நொடியில் தலையில் பொருத்திய மின்முனைகள் ஒரு குறிப்பிட்ட அலையைக் காட்டும். குட்டாஸ், ஹில்யார்டு இருவரும் 1980இல் கண்டது. வீட்டில் மின்முனை ஏது? யாரிடமாவது அந்த வாக்கியத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், 'செங்கல்'லில் குரல் தடுக்குவது காதிலேயே கேட்கும்.

இனி கவர். ஒரே சங்கதியைப் பற்றி, சந்தை அல்லது சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள், முப்பது வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கவர். அந்தச் சொல்லுக்கு அடுத்து எது வந்ததோ அதைச் சீட்டில் எழுதி அந்தக் கவருக்குள் போடுங்கள். ஏறக்குறைய இருநூறு சீட்டு சேரும். பிறகு ஒரு சொல்லில் தொடங்கி, கண்ணை மூடி ஒரு சீட்டு எடுங்கள், அதில் உள்ள சொல்லின் கவருக்குப் போங்கள், மறுபடி எடுங்கள்.

முதல் தடவை இது நிச்சயம் சொதப்பும், சொதப்ப விடுங்கள். தமிழில் சந்தை, சந்தைக்கு, சந்தையில, சந்தையிலிருந்து எல்லாம் தனித்தனிக் கவர் ஆகிவிடும். கவருக்கு ஒரு சீட்டுத்தான் இருக்கும், நீங்கள் எழுதிய வாக்கியமே கிளிப்பிள்ளை மாதிரி திரும்ப வரும். நாற்பது கவரும் போதாது. அப்போது கத்தரிக்கோலை எடுத்துச் சொல்லை உடையுங்கள்: சந்தை, க்கு, இல, இருந்து. 'தோட்டத்துக்குத்தானுங்களே' என்ற ஒரு சொல் நான்கைந்து துண்டாகும். இப்போது துண்டுகள் திரும்பத் திரும்ப வரும், கவர் நிறையும், யாரும் எழுதாத வாக்கியங்கள் பிறக்க ஆரம்பிக்கும். மொழி மாதிரிகள் சொல்லைத் துண்டாக்கி வாங்குவதற்கும் இதே மாதிரி ஒரு நெருக்கடிதான் காரணம்.

பிறந்த வாக்கியங்களைச் சத்தமாகப் படியுங்கள். 'அம்மிச்சி சந்தைக்குப் போய்ட்டு வந்தாருங்க' என்று ஒன்று வரும். பக்கத்துப் பக்கத்துத் துண்டு எல்லாம் சரி, ஆனால் முதலில் இருந்தது அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. 'வந்தாங்க' என்று இருக்க வேண்டும். ஒரு துண்டு முன்னால் மட்டும் பார்க்கிற கவருக்கு எழுவாய் மறந்துபோச்சு. நடுவில் எத்தனை சொல் கிடந்தாலும் எழுவாயைத் திரும்பிப் பார்க்கும் வழி வேண்டும். 2017இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' அமைப்பின் சூட்சுமம் அங்கேதான். ஒவ்வொரு துண்டும் முன்னால் வந்த எல்லாத் துண்டுகளையும் பார்த்து, எது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று எடை போட்டுக்கொள்கிறது. கவனித்தல் என்றே அதற்குப் பெயர்.

ஆனால் தீனி வித்தியாசம் பெரிது. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி சுமார் 30,000 கோடித் துண்டுகளைப் படித்துப் பழகியது. நம் வீட்டுப் பிள்ளை வருஷத்துக்கு ஒரு கோடிச் சொல் கேட்டது என்று தாராளமாகவே வைத்தாலும் பத்து வயதில் பத்துக் கோடிதான். அதற்குள் அது அப்புச்சியிடம் காசு வாங்குகிற அளவுக்குப் பேசிவிடுகிறது.

படிப்பைத் தடுக்க முடியாது

சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிட வேலை. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற சொற்களை இருபது இடத்தில் எழுதுங்கள். ஒரு தாளில் சொல்லும் மையும் ஒன்று, மறு தாளில் 'பச்சை' என்பதைச் சிவப்பு மையில் எழுதுவது போல மாற்றி. மஞ்சள் வேண்டாம், வெள்ளைத் தாளில் கண்ணுக்குப் பிடிபடாது. சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்தால் இரண்டாம் தாள் மெதுவாகத்தான் போகும். ஸ்ட்ரூப் 1935இல் எழுதியது. திருப்பூர்ப் பக்கம் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத பீகார், ஒடிசா நண்பர் யாரையாவது உட்கார வையுங்கள். இரண்டு தாளையும் ஒரே வேகத்தில் முடிப்பார். அவர் மொழியில் எழுதிக் கொடுத்தால் அவரும் தடுக்குவார். சிவப்பு-பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர் யாராவது இருந்தால் முன்பே கேட்டு விலக்குங்கள்.

இப்போது போன்

சாட் செயலி எதுவானாலும் சரி, மூன்று கட்டுப்பாடு. ஒவ்வொரு கேள்விக்கும் புது உரையாடல். கேட்கும் முன் உங்கள் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்க வேண்டும், ஏனென்றால் அடுத்த துண்டை அது நிகழ்தகவில் பொறுக்குகிறது, நம் கவரில் கைவிட்ட மாதிரி. ஒரு தடவை கேட்டு முடிவு கட்டுகிறவர்களால்தான் ஏஐ பற்றிய பாதி வம்பு வளர்கிறது.

'கொங்கு' என்ற சொல்லைப் பற்றிக் கேளுங்கள். நமக்கு அது கொ, ங், கு என்று மூன்று எழுத்து. கணினிக்குள் எழுத்தைக் குறிக்கும் யூனிகோடில் அது ஆறு குறி, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். மொழி மாதிரி பார்ப்பதோ இவை எதையும் அல்ல, தன் பட்டியலில் உள்ள துண்டுகளை. இன்னும் நீளமான சொற்களில் எழுத்தை எண்ணச் சொன்னால் எங்கே தடுமாறுகிறது என்று தேடுங்கள். பிறகு ஒடக்கான் (ஓணான்), பொடக்காலி (புழக்கடை), இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) என்ற கொங்குச் சொற்களுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். இணையத்தில் எழுத்தில் ஏறாத சொல்லுக்கு அதனிடம் கவரே இருக்காது. அடுத்து உங்கள் ஊர்ச் சின்னக் கோயிலின் நோம்பி (திருவிழா) எப்படி நடக்கும் என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் நல்லது. சொல்லாமல் கம்பம் நட்டது, தீர்த்தம் எடுத்தது என்று சரளமாகக் கதை விட்டால், காலையில் எழுதிய அறுந்த கோட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெற்றிடத்தை நிரப்புகிறது, நிரப்பியதைச் சொல்வதில்லை. விளைவுதான் ஒன்று போல இருக்கிறது, உள்ளே நடப்பது ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள்.

சரளமாகப் பேசுவதும் பொருளோடு பேசுவதும் வேறு வேறு என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. 1861இல் புரோக்கா கண்ட நோயாளிக்கு 'டான்' என்ற ஒலி தவிரப் பேச்சு ஏறக்குறைய இல்லை, ஆனால் பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. 1874இல் வெர்னிக்கே எழுதிய நோயாளிகள் நேர்மாறு, பேச்சு ஆறாக ஓடும், பொருள் நிற்காது.

பஞ்சுக் கை

'நான்' என்பதில் மிக உறுதியான பகுதி நம் உடம்பு என்று நினைக்கிறோம். பாட்வினிக், கோஹன் 1998இல் ஒரு ரப்பர் கையை வைத்து அதை ஆட்டிக் காட்டினார்கள்.

இடது கையுறையில் பனியன் வேஸ்ட்டைப் பென்சிலால் விரல் நுனி வரை இடித்துத் திணியுங்கள். தொளதொளவென்று இருந்தால் வேலைக்கு ஆகாது. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். இன்னொரு இடது கையுறை வேண்டும், அதற்குத்தான் இரண்டு ஜோடி. அதை உட்காருபவர் தம் இடது கையில் போட்டுக்கொள்ளட்டும். அவர் கையை மேசைமேல் வைத்து, அதற்கும் அவருக்கும் நடுவே அட்டையை நிறுத்தி மறையுங்கள். பஞ்சுக் கையை அட்டைக்கு இந்தப் பக்கம், உண்மைக் கையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, அதே திசையில், உள்ளங்கை கீழாக வையுங்கள். தோளிலிருந்து பஞ்சுக் கையின் மணிக்கட்டு வரை துண்டைப் போட்டு இடைவெளியை மூடுங்கள். எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையின் ஆட்காட்டி விரலையும் ஒரே நேரத்தில், முட்டியிலிருந்து நுனிக்கு, நொடிக்கு ஒரு தடவை பிரஷால் தடவுங்கள். இரண்டு நிமிடம்.

பிறகு கண்ணை மூடச் சொல்லி, மேசைக்கு அடியில் வலது கையை நகர்த்தி இடது ஆட்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பஞ்சுக் கையின் பக்கம் எத்தனை செ.மீ. நகர்ந்து காட்டினார் என்று அளந்து எழுதுங்கள். அடுத்து அதையே அரை நொடி முன்னே பின்னே தடவிச் செய்யுங்கள். பஞ்சுக் கையே தன் கை என்ற மயக்கம் பெருமளவு குறைந்துவிடும். பார்ப்பதும் தொடுவதும் ஒரே கணத்தில் வந்தால் 'என் கை' என்று மூளை யூகிக்கிறது, பொருந்தாவிட்டால் யூகத்தைக் கைவிடுகிறது.

எல்லோருக்கும் வராது, மூன்றில் ஒருவர் 'ஒண்ணுமில்லீங்க' என்றாலும் வியப்பில்லை. யாருக்குமே வரவில்லை என்றால் கட்டை விரல் தலைமாறி இருக்கிறதா, தூரம் 30 செ.மீ. தாண்டிவிட்டதா, பிரஷ் இரண்டும் ஒரே அழுத்தத்தில் படுகிறதா என்று பாருங்கள். 'உங்க கை மாதிரி தோணுதுங்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்கே 'ஆமாங்க' என்று சொல்லிவிடுவார்கள். 'கை கனமாகிறது', 'கை மூன்றாகிறது' என்று சம்பந்தமில்லாத வாக்கியங்களோடு கலந்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்டால்

கடைசிச் சோதனைக்கு ஒரு நிமிடம். 36 + 59 எவ்வளவு என்று மேசையில் திடீரென்று கேளுங்கள். விடை வந்ததும், எப்படிக் கூட்டினீர்கள் என்று ஆளாளுக்கு எழுதச் சொல்லுங்கள். அதே இரண்டு கேள்வியையும் போனிடம் கேட்டு அதன் பதிலையும் எழுதுங்கள்.

2025இல் ஏஐ உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் மொழி மாதிரியின் உள்ளே இதே கணக்கைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வழி தோராயமாகக் கூட்டியது, இன்னொரு வழி கடைசி இலக்கத்தை மட்டும் சரியாகப் பிடித்தது, இரண்டும் சேர்ந்து 95. எப்படிச் செய்தாய் என்று கேட்டால், ஒன்றாம் இடத்தைக் கூட்டி மீதி ஒன்றை மேலே ஏற்றினேன் என்று பள்ளிக்கூடத்து முறையைச் சொன்னது. 

மனிதர் மட்டும் என்ன? இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட ஒரு நோயாளிக்கு, கசானிகாவும் லெடூவும் 1970களில் இரண்டு படம் காட்டினார்கள். பேசும் இடது பாதிக்குக் கோழிக்கால், பேசாத வலது பாதிக்குப் பனி மூடிய வீடு. அட்டைகளில் பொருத்தமானதை எடுக்கச் சொன்னபோது இடது பாதி ஆட்டும் வலது கை கோழியை எடுத்தது, வலது பாதி ஆட்டும் இடது கை மண்வாரியை எடுத்தது. பனி வாரத்தான். ஏன் மண்வாரி என்று கேட்டதும், பனியைப் பார்க்கவே பார்க்காத இடது பாதி தயங்காமல் சொன்னது: கோழிக் கொட்டகையைச் சுத்தம் பண்ண மண்வாரி வேண்டுமே. நாமக்கல் பண்ணைக்காரர் கேட்டால் நியாயம்தானே என்பார்.

இந்தக் கோழிக் கொட்டகைக் கதையை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் எல்லோரும் உஷாராகி, 36 + 59க்கு 'தெரியலைங்க, தானா வந்துச்சு' என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். நோட்டுகளை மூடி நடு மேசையில் அடுக்கிய பிறகு சொல்லுங்கள்.